கழுத்து திரும்பாத காலை

காலை ஆறரை மணி. பள்ளிக்கூட வேன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளை பாயிலிருந்து எழுந்து உட்காருகிறது. தலை மட்டும் நிமிரவில்லை. வலது காது வலது தோளைத் தொடப் போவதுபோல் சாய்ந்திருக்கிறது. மோவாய் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. நேராக்கிவிடலாம் என்று அம்மா கை வைத்தால் வீறிட்டு அழுகிறது. இது சித்தூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டம்மா, "மெட பட்டேசிந்தி" என்று தெலுங்கில் சொல்வார். அடுப்படியிலிருந்து வரும் பாட்டி, "சுளுக்கு புடிச்சிருக்கு, தலகாணி சரியில்ல" என்பார். இரண்டு மொழியிலும் தீர்ப்பு ஒன்றுதான்.

பெரும்பாலான நாட்களில் அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கும். தூக்கத்தில் ஏடாகூடமாகக் கிடந்ததாலோ, முந்தின நாள் விளையாட்டில் வெடுக்கென்று திரும்பியதாலோ கழுத்துத் தசை ஒன்று இறுகிக்கொள்கிறது. சில நாட்களில், மிஞ்சினால் ஒரு வாரம் பத்து நாளில், தானாகவே விட்டுவிடும். மருத்துவர்கள் இந்த நிலையை டார்ட்டிகாலிஸ் என்கிறார்கள். லத்தீனில் முறுக்கிய கழுத்து என்று பொருள். ஆனால் அது ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சல், இருமல் என்பதுபோல் ஓர் அறிகுறியின் பெயர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எதனால் என்று உடனே கேட்கிறோம். கழுத்து திருகிக்கொண்டால் மட்டும் அந்தக் கேள்வி வருவதில்லை. கை நேராக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கவைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணாடி முன் நின்று முகத்தை இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். வலது காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை ஒரு தசை கயிறுபோல் புடைத்து நிற்கும். அந்த வலது தசை சுருங்கினால் தலை வலப்பக்கம் சாயும், முகம் இடப்பக்கம் திரும்பும். பாயில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளையின் தோற்றம் அதுவேதான். சாதாரணச் சுளுக்கில் குற்றவாளி பெரும்பாலும் இதுபோன்ற ஒரு தசைதான்.

தசைக்கு உள்ளே இருக்கும் கதை இன்னும் நுட்பமானது. கழுத்தில் 7 எலும்புகள். மண்டையைத் தாங்கும் முதல் எலும்பு வெறும் வளையம். இரண்டாவது எலும்பிலிருந்து பல்லைப்போல் ஒரு முளை மேலெழுந்து அந்த வளையத்துக்குள் நிற்கிறது. மாவு திரிக்கும் எந்திரக்கல்லைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: அடிக்கல்லின் நடுவே முளை நிற்கும், மேல்கல் அதைச் சுற்றிச் சுழலும். நாம் தலையை இடவலமாகத் திருப்புகிறோமே, அதில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது. முளை பின்னால் நகர்ந்துவிடாதபடி அதற்குப் பின்புறம் ஒரு தசைநார் வார்போல் இழுத்துக் கட்டியிருக்கிறது. வாருக்குப் பின்னால், ஒரு விரற்கடைக்குள், தண்டுவடம்.

சிறு பிள்ளைகளில் இந்தக் கட்டுமானம் இன்னும் நெகிழ்வானது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால்வாசி தலைதான். அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்தில் தசைகள் மெலிந்தவை, தசைநார்கள் தளர்ந்தவை, மூட்டின் பரப்புகள் பெரியவர்களுக்கு இருப்பதைவிடத் தட்டையானவை. பெரியவர்களின் கழுத்து கீழ்ப்பகுதியில் அதிகம் வளைகிறது; சிறுவர்களுக்கு மேல்பகுதியில். எட்டு வயது வாக்கில்தான் இந்த வேறுபாடு குறைகிறது. ஆகவே பிள்ளையின் கழுத்தில் ஏதாவது வழுக்கினால் அது பெரும்பாலும் உச்சியில், அந்த முளையருகே வழுக்குகிறது.

வழுக்க வைப்பது விழுந்த அடியாக இருக்கலாம். யாரும் எதிர்பார்க்காத இன்னொரு காரணமும் உண்டு: தொண்டைப் புண். தொண்டைப் புண்ணுக்குப் பிறகு முதல் எலும்பு சுழன்று பிசகிக்கொண்ட இரண்டு பேரைப் பற்றி பியர் கிரிசெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1930-ல் எழுதினார். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1830-ல், சார்லஸ் பெல் இப்படி ஒன்றைக் கண்டு எழுதியிருந்தார். ஆனாலும் கிரிசெல்லின் பெயரே நிலைத்தது. தொண்டைக்கும் கழுத்தெலும்புக்கும் என்ன தொடர்பு? விடை கிடைக்க 1984 ஆக வேண்டியிருந்தது. தொண்டையின் பின்சுவரிலிருந்து முளையைச் சூழ்ந்திருக்கும் சிரைப் பின்னலுக்கு நேரடி இணைப்புகள் இருப்பதைப் பார்க் என்பவரும் உடனிருந்தவர்களும் காட்டினார்கள். தொண்டையின் அழற்சி அந்தச் சிரைகளின் வழியே போய்த் தசைநார்களை ஊறவைத்துத் தளர்த்திவிடுகிறது. ஏற்கெனவே நெகிழ்வான மூட்டு. கட்டியிருக்கும் வாரும் இளகிவிட்டால், தூக்கத்தில் ஒரு புரளல் போதும். மூட்டு திரும்பிய இடத்திலேயே மாட்டிக்கொள்கிறது. டான்சில், அடினாய்டு அறுவைக்குப் பிறகும் இதுபோல் வருவதுண்டு. டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளுக்குத் தசைநார் இயல்பிலேயே தளர்ச்சி என்பதால் அவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

கவனித்துப் பார்க்கும் மருத்துவரின் விரல்களுக்கு இங்கே ஓர் அழகான துப்பு கிடைக்கிறது. சாதாரணச் சுளுக்கில் தலை சாய்ந்த பக்கத்துத் தசை விறைத்திருக்கும், ஏனெனில் இழுத்ததே அதுதான். மூட்டு பிசகிய பிள்ளைக்கோ மோவாய் திரும்பிய பக்கத்துத் தசை விறைத்திருக்கும். அது தலையை இழுத்துக்கொண்டிருக்கவில்லை. பிசகிய தலையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரப் போராடிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சாய்வு.

கிரிசெல் வகைக் கோளாறில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நாட்களின் எண்ணிக்கை. முதல் வாரத்துக்குள் கண்டுகொண்டால் ஓய்வு, மிருதுவான கழுத்துப் பட்டை, வலியும் அழற்சியும் குறைய மருந்து, தொண்டைத் தொற்றுக்குத் தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றோடு பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு வாரம் தாண்டினால் மருத்துவமனையில் படுக்கவைத்து மோவாய்க்கட்டில் எடை தொங்கவிட்டு மெல்ல இழுக்க வேண்டி வரலாம். ஒரு மாதம் தாண்டினால் இழுத்து நேராக்கினாலும் மறுபடி பிசகும் வாய்ப்பு கூடுகிறது. சிலருக்கு அந்த இரண்டு எலும்புகளையும் அறுவையில் இணைத்துவிடுவதே வழி என்றாகிறது. பிறகு அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கப் பாதித் திருப்பலோடுதான் இருக்கும். ஒரு தொண்டைப் புண்ணுக்கு இது மிகப் பெரிய விலை. அந்த விலையை வாங்கிக்கொள்வது அலட்சியம்கூட அல்ல. 'இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்' என்ற நல்லெண்ணம்தான். இந்தச் சிக்கல் அரிது. ஆனால் தொண்டை வலியும் காய்ச்சலும் விட்டுப்போய்ச் சில நாட்கள் கழித்தே கழுத்து திருகுவதால், இரண்டையும் சேர்த்து நினைக்க வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை.

சித்தூர், திருப்பதிப் பக்கம் எலும்பு என்றாலே புத்தூர்தான் நினைவுக்கு வரும். புத்தூர்க் கட்டுக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் ரயில் ஏறிப் போகிறார்கள். கை கால் முறிவுக்கு அது எவ்வளவு ஏற்றது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. கழுத்து கை அல்ல என்பதை மட்டும் சொல்ல வேண்டும். முதல் எலும்பின் வளையத்துக்குள் மூன்றில் ஒரு பங்கை முளையும், மூன்றில் ஒரு பங்கைத் தண்டுவடமும் அடைத்துக்கொள்கின்றன. மிச்சம் மூன்றில் ஒரு பங்கு காலியிடம் என்று ஸ்டீல் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1968-ல் ஒரு விதி சொன்னார். மூட்டு கொஞ்சம் பிசகினாலும் கை கால் விழுந்துவிடாமல் பிள்ளையைக் காப்பது அந்தக் காலியிடம். 'படக்'கென்று சத்தம் கேட்கத் தலையை முறுக்கிச் சுளுக்கெடுக்கும் எவரும் அந்த மிச்ச இடத்தோடு விளையாடுகிறார். பெரியவர்களுக்கே ஆபத்தான அந்த வேலையைக் குழந்தையின் கழுத்தில் யாரும் செய்ய விடாதீர்கள்.

இரண்டாவது கதை மருந்துப் பெட்டியிலிருந்து வருகிறது. பிள்ளை வாந்தி எடுத்தது, வாந்தி நிற்க மருந்தோ ஊசியோ கொடுத்தார்கள். சில மணி நேரத்தில், அல்லது மறுநாள், கழுத்து ஒரு பக்கமாகவோ பின்பக்கமாகவோ முறுக்கிக்கொள்கிறது. கண்கள் மேலே செருகுகின்றன. நாக்கு வெளியே தள்ளுகிறது, தாடை இறுகுகிறது. பார்ப்பவர்கள் வலிப்பு என்று பதறுகிறார்கள். காற்றுக் கறுப்பு என்று வேப்பிலையைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளை முழு நினைவோடு இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கிறது, பயத்தில் அழுகிறது. மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் போன்ற வாந்தி மருந்துகள் மூளையில் டோபமினின் வேலையைத் தடுக்கின்றன. வாந்தி நிற்பது அதனால்தான். தசைகளின் இறுக்கத்தைச் சீராக வைத்திருக்கும் மூளைப் பகுதிக்கும் அதே டோபமின் தேவை; அங்கே சமநிலை குலைந்தால் கழுத்து முறுக்கிக்கொள்கிறது. குழந்தைகளும் இளவயதினரும் இதற்கு எளிதில் ஆட்படுகிறார்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு மெட்டோகுளோபிரமைடு கூடவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் அறிவித்தது இந்தக் காரணத்தையும் எண்ணித்தான்.

இந்த முறுக்கம் பார்க்க எவ்வளவு பயங்கரமோ, தீர்வு அவ்வளவு எளிது. புரோமெத்தசின் போன்ற மாற்று மருந்தை ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் கழுத்து தளர்ந்துவிடும். சிக்கல் எல்லாம் காரணம் தெரியாமல் போவதில்தான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கடந்த மூன்று நாட்களில் பிள்ளைக்குக் கொடுத்த எல்லா மருந்தின் அட்டையையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்கேனைவிடச் சீக்கிரம் அந்தப் பை விடை சொல்லிவிடக்கூடும்.

இதுவரை சொன்னது கழுத்து ஒரு பக்கம் திருகுவதைப் பற்றி. கழுத்து விறைத்துப் போவது வேறு. மோவாயை நெஞ்சில் தொடச் சொன்னால் தொட முடியாது. தலை முன்னால் குனியாது. காய்ச்சலும் இருந்து இப்படி விறைத்தால், முதலில் மூளை உறைக் காய்ச்சலையும் மூளைக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். இதில் இந்த மண்ணுக்கு ஒரு வரலாறே உண்டு.

1911-ல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர் வடாற்காட்டைச் சேர்ந்த ஊர். அந்த மாவட்டத்தின் தலைநகரமே அதுதான். மாவட்ட எல்லை மாறினாலும் நோயாளிகளின் பாதை மாறவில்லை. சித்தூரிலிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவுதான். 1955-ல் வடாற்காட்டிலிருந்தும் அதை ஒட்டிய ஆந்திரப் பகுதியிலிருந்தும் காய்ச்சல், வலிப்பு, நினைவிழப்பு, விறைத்த கழுத்து என்று குழந்தைகள் அந்த மருத்துவமனைக்கு வந்தார்கள். அங்கே குழந்தைகளைப் பார்த்த வெப், பெரைரா ஆகியோர் கொசு பரப்பும் வகை வைரஸ் இது என்று அறிகுறிகளைக் கொண்டே கணித்தார்கள். பூனாவில் 1952-ல் தொடங்கப்பட்டிருந்த வைரஸ் ஆய்வு மையத்தின் டெல்ஃபோர்டு வொர்க்கும் கீர்த்தி ஷாவும் ரத்த மாதிரிகளைச் சோதித்து, அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று உறுதி செய்தார்கள். இந்தியாவில் மனிதர்களிடம் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது அப்போதுதான். ஜப்பானின் பெயரைத் தாங்கிய நோய் பாலாற்றங்கரை நெல்வயலில் இருந்தது.

நெல்வயல் என்பதைச் சும்மா சொல்லவில்லை. இந்த வைரஸைச் சுமக்கும் க்யூலெக்ஸ் கொசுக்கள் தேங்கிய வயல் நீரில் முட்டையிடுகின்றன. நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் வைரஸ் பெருகுகிறது. மனிதன் தற்செயலாக இடையில் மாட்டிக்கொள்பவன். அவனிடமிருந்து கொசு வழியாக அடுத்தவருக்குப் பரவுவதில்லை. தொற்றியவர்களில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் வருகிறது. அப்படி வந்தவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு நரம்புக் குறை தங்கிவிடுகிறது. 2013-ல் இந்தியாவில் உரிமம் பெற்ற ஜென்வாக் தடுப்பூசி, சித்தூருக்கு எல்லையில் இருக்கும் கோலாரில் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸ் இனத்திலிருந்து உருவானது. பாக்டீரியாவால் வரும் மூளை உறைக் காய்ச்சலுக்கும் ஹிப், நியூமோகாக்கஸ் தடுப்பூசிகள் இப்போது அரசுப் பட்டியலிலேயே இருக்கின்றன. பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஒன்றரை வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மூளை உறைக் காய்ச்சல் வந்தாலும் கழுத்து விறைக்காமலே போகலாம். பால் குடிக்க மறுப்பது, ஓயாத கீச்சுக் குரல் அழுகை, துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைப்பது ஆகியவைதான் அங்கே அடையாளம். கழுத்து மெத்தென்று இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

கைக்குழந்தைகளின் கழுத்துக்கு நம்மிடம் தனிச்சொல்லே உண்டு: உரம் விழுந்திருக்கு. பழக்கமான ஒரு பாட்டி வருவார். குழந்தையைப் பழைய புடவையில் கிடத்தி, இரண்டு பேர் இரு முனையையும் பிடித்துக்கொண்டு, இப்படியும் அப்படியுமாக உருட்டுவார்கள். உரம் எடுத்தாயிற்று. மெல்லச் செய்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் எந்த நோயைத் தள்ளிப்போடுகிறோம் என்பது தெரியாமல் செய்கிறோம். பிறந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் கழுத்தின் ஒரு பக்கம் சின்னக் கட்டி தட்டுப்பட்டு, தலை எப்போதும் அந்தப் பக்கமே சாய்ந்தால், அது பிறவியிலேயே இறுகிய தசை. புடவையில் உருட்டினால் அது நீளாது. பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் நீட்டல் பயிற்சியை அம்மா தினமும் செய்துவந்தால் நீளும். ஒரு வயதுக்குள் தொடங்கினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் அறுவையே தேவைப்படாது. பாலை எதுக்களிக்கும் குழந்தைகள் சிலர் பால் குடித்தவுடன் கழுத்தை முறுக்கி முதுகை வளைப்பார்கள். அங்கே சரிசெய்ய வேண்டியது வயிறு. இன்னும் சில குழந்தைகளுக்கு மாதத்துக்கு ஒருமுறை என்பதுபோல் தலை சாய்ந்து, சில மணி நேரமோ சில நாட்களோ இருந்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். அடுத்த முறை மறுபக்கம் சாயும். 1969-ல் ஸ்னைடர் என்பவர் விவரித்த இந்த நிலை ஒற்றைத் தலைவலியின் உறவு. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் தானே நின்றுவிடும். அம்மாவின் கைப்பேசியில் எடுத்த ஒரு வீடியோ இங்கே மருத்துவருக்குப் பெரிய உதவி.

வலியே இல்லாமல் மாதக்கணக்கில் தலை சாய்ந்திருந்தால் கண்ணைச் சந்தேகிக்க வேண்டும். கண்ணை மேலும் கீழும் நகர்த்தும் தசைகளில் ஒன்று சோர்ந்துபோனால் காட்சி இரண்டாகத் தெரியும். தலையைச் சாய்த்தால் ஒன்றாகும். பிள்ளை அதைத் தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. ஒரு கண்ணை மூடிவிட்டால் பல சமயம் தலை நேராகிவிடும். பழைய பிறந்தநாள் படங்களைப் புரட்டினால் எல்லாவற்றிலும் அதே பக்கம் சாய்ந்திருப்பது தெரியவரும். புதிதாக வந்த சாய்வோடு காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும், நடையில் தள்ளாட்டமும் சேர்ந்தால் மூளையின் பின்பகுதியில் கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அங்கே தாமதத்துக்கு இடமில்லை.

அப்படியென்றால் அந்தக் காலையில் என்ன செய்வது? தலையை நேராக்க முயல வேண்டாம். பிள்ளை எப்படி வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கிறதோ அப்படியே விடுங்கள். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால், வெதுவெதுப்பான ஒத்தடம் போதும். காய்ச்சல் இல்லை, பிள்ளை சிரிக்கிறது, சாப்பிடுகிறது என்றால் ஓரிரு நாள் பார்க்கலாம். அதற்குள் இளகத் தொடங்காவிட்டால் மருத்துவரிடம் போய்விட வேண்டும், ஒரு வாரம் ஆகவிடக் கூடாது. காய்ச்சலோடு விறைப்பு, தெளியாத மயக்கம், வலிப்பு, கை கால் மரத்துப்போதல், மேலேயிருந்து விழுந்த அடி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிட்டு, காய்ச்சலோடு கழுத்தைத் திருப்ப மறுக்கும் பிள்ளைக்குத் தொண்டையின் பின்சுவரில் சீழ் கட்டியிருக்கலாம். அது மூச்சையே அடைக்கும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த ஆம்புலன்ஸ் முதன்முதலில் ஓடத் தொடங்கியதே அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில்தான், 2005-ல். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனையும், ஸ்விம்ஸும், எலும்புக்கென்றே தேவஸ்தானத்தின் பர்டு மருத்துவமனையும் இருக்கின்றன. அந்த வசதி இல்லாத ஊர்களை எண்ணிப் பார்க்கும்போது இது சின்ன விஷயமல்ல.

சித்தூர் வீட்டுப் பிள்ளையை மருத்துவர் மேசைமேல் உட்காரவைத்துவிட்டார். கழுத்தை இன்னும் தொடவில்லை. போன வாரம் பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது வந்ததா என்றுதான் முதலில் கேட்கிறார். அம்மா இல்லை என்று தலையாட்டுகிறார். பின்னால் நிற்கும் பாட்டி சற்று யோசித்துவிட்டுச் சொல்கிறார்:

"போன செவ்வாக்கெழம தொண்ட வலிக்குதுன்னு ரெண்டு நாளு சோறே துன்னலியே, டாக்டரம்மா."